பெங்களூருக்குப் போய்வருகிறவர் இடம்பெயர்ந்தவரா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். முதுகலைப் புவியியலில் மனித இடப்பெயர்வு பாடம் படிக்கிறீர்கள். பென்னாகரம் பக்கத்திலுள்ள சொந்த ஊரையே எடுத்து ஒரு சிறு ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா பொங்கல் கழிந்ததும் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போய் வைகாசி, ஆனியில் திரும்புகிறார். அண்ணன் ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். அக்காவை ஏரியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். இந்த மூன்று பேரில் யார் இடம்பெயர்ந்தவர், தள்ளும் காரணி இழுக்கும் காரணி என்ற அட்டவணையில் இவர்களை எங்கே வைப்பது, இடப்பெயர்வு பற்றி ராவன்ஸ்டீன் சொன்ன பழைய விதிகள் நம் பக்கம் செல்லுமா என்று கேட்கிறீர்கள். பாடத்தில் இருக்கும் கருத்துகள் வீட்டில் நடப்பதைப் பார்க்க உதவுமா, மறைக்குமா என்பதுதான் இதற்கு அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் செய்யும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரியில் பல வருஷம் புவியியல் நடத்தியவன் நான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த பழக்கம் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தொழிலாளர் சட்டம், நலவாரியம் இதெல்லாம் என் துறை இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டால், உங்கள் வீட்டில் சந்தேகமே இல்லாமல் இடம்பெயர்ந்தவர் உங்கள் அக்காதான். இது பலருக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் கணக்கெடுப்பின் அலகு கிராமம் அல்லது நகரம். முன்பு வேறொரு கிராமத்தில் குடியிருந்து இப்போது இங்கே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அக்கா பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போனாலும் கணக்கில் வருவார். பெங்களூரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு, இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகிறவர் வரமாட்டார், ஏனென்றால் நகரம் ஒன்றே. 2011 கணக்கெடுப்பில் கடைசியாக வாழ்ந்த இடத்தை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், எல்லாக் காரணங்களிலும் பெரியது திருமணம். வேலைக்காகப் போகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இந்த 45 கோடியைத் தூக்கிப் போடுகிற கட்டுரைகளை நிறையப் பார்க்கிறோம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அண்ணன் வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் இருக்கிறார், வழக்கமான குடியிருப்பு அங்கேதான். அவரும் இடம்பெயர்ந்தவர். ஆனால் அதே கம்பெனியில் அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் ராயக்கோட்டையிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போனால், அவர் இல்லை. அவர் செய்வது அன்றாடப் போக்குவரத்து. புவியியலில் இதை வேறாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: குடியிருப்பு மாறினால் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், குடிதண்ணீர், வாடகை வீடு எல்லாவற்றின் தேவையும் இடம் மாறுகிறது. தினப்படி போக்குவரத்தில் சாலையின் மேல்தான் பாரம் விழுகிறது.

சிக்கல் உங்கள் அப்பாவிடம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை, எங்கே இருக்கிறாரோ அங்கே சேர்த்துக்கொள்வது விதி. பொங்கல் கழிந்து போனவர் அப்போது பெங்களூரில் ஏதோ ஒரு கட்டட ஷெட்டில் இருந்திருப்பார். கணக்கெடுப்பவர் அந்த ஷெட்டுக்கு வந்திருந்தால் அவர் கர்நாடகத்துக்கு இடம்பெயர்ந்தவர். வராமல் விட்டு, ஊரில் வீட்டார் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அவர் எங்கும் போகாதவர். தேசிய மாதிரி ஆய்வு இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கப் பார்த்தது. அதில் வழக்கமான குடியிருப்பு என்றால் ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்குவது. 2007-08இல் நடந்த 64ஆவது சுற்றில், வேலைக்காக ஒரு மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள் வெளியே தங்கியவர்களைத் தனியாக எண்ணினார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அப்பா குறுகிய காலம் போய்வருகிறவர். ஒரே மனிதர், யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து மூன்று விதமாகிறார். எல்லை எது, காலம் எவ்வளவு, குடியிருப்பு மாறியதா என்ற மூன்றையும் முதலில் முடிவுசெய்யாமல் எந்த எண்ணையும் எழுதக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் செய்வதைச் சுழற்சி நகர்வு என்கிறோம். வில்பர் ஜெலின்ஸ்கி 1971இல் எழுதிய கட்டுரையில், நிரந்தரமாகக் குடிமாறும் எண்ணமில்லாமல் போய்த் திரும்பும் நகர்வுகளை இப்படித் தனி வகையாகப் பிரித்தார். நம் பக்கத்து மானாவாரி நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஆடி மழைக்குக் கேழ்வரகோ சாமையோ விதைத்து, கார்த்திகை மார்கழியில் அறுத்து, கொள்ளும் எடுத்தாகிவிட்டால் நிலத்தில் வேலை கிடையாது. மறுபடி உழவு மழை விழும்வரை உள்ள மாதங்கள்தான் பெங்களூர் மாதங்கள். பொங்கல் முடிந்த வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் துணி மூட்டையும் பாத்திரமுமாகக் குடும்பங்கள் நிற்பதைப் பார்க்கலாம். கிணற்றுப் பாசனம் இருக்கிற பாலக்கோடு தக்காளிக்காரர் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருக்கமாட்டார், அவருக்கு வருஷம் முழுக்க நிலத்தில் வேலை இருக்கிறது.

ராவன்ஸ்டீனுக்கு வருகிறேன். அவர் 1885இல் எழுதியது, 1881ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கணக்கெடுப்பில் மக்கள் பிறந்த இடமாகச் சொன்னதை வைத்து. 1889இல் வேறு நாடுகளின் கணக்கையும் சேர்த்து இன்னொரு கட்டுரை எழுதினார். விதி என்று அவர் பெயர் வைத்தாலும், அந்தக் காலத்துக் கணக்கில் அவர் கண்ட பொதுப்போக்குகள் அவை, அவ்வளவுதான். பெரும்பாலோர் கிட்டத்துக்கே போகிறார்கள் என்பது இன்றும் நிற்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிர் ஓட்டம் உண்டு என்பதும் நிற்கிறது, உங்கள் அப்பாவே வருஷா வருஷம் அதற்குச் சாட்சி. குறுந்தூர நகர்வில் பெண்களே அதிகம் என்றார், அதுவும் பொருந்துகிறது. அங்கே வீட்டு வேலைக்கும் ஆலைக்கும் போன பெண்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள், இங்கே திருமணம்தான் எண்ணிக்கையை ஏற்றுகிறது.

அவர் சொன்ன படிப்படியான நகர்வு மட்டும் நம் பக்கம் தடுமாறுகிறது. கிராமத்திலிருந்து சிறு நகரம், அங்கிருந்து பெரு நகரம் என்று ஏறுவது படித்தவர்களிடம் உண்டு. ராஜாஜி ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூரில் பள்ளி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டம் என்று ஏறியவர். அப்புறம் வக்கீல் தொழிலுக்குச் சேலத்துக்கு இறங்கி வந்தார் என்பது தனிக்கதை. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் தருமபுரி டவுனில் இரண்டு வருஷம் இருந்து பழகிவிட்டு அடுத்த படிக்குப் போவதில்லை. பென்னாகரத்தில் பஸ் ஏறினால் இறங்குவது பெங்களூரில்தான்.

ஏன் பெங்களூர்? இதற்கு ஈர்ப்பு மாதிரி என்ற ஒன்று உண்டு. இரண்டு இடங்களின் மக்கள்தொகை பெரிதாக இருந்தால் ஓட்டம் கூடும், தூரம் கூடினால் குறையும். தூரத்தை வர்க்கமாக்கி வகுக்கிற வழக்கமான வடிவில் நாமே போட்டுப் பார்க்கலாம். 2011இல் பெங்களூர், சென்னை இரண்டு மாநகரத் திரளும், அதாவது நகரமும் ஒட்டிய புறநகரும் சேர்ந்தது, ஏறக்குறைய சமம், ஒவ்வொன்றிலும் 85 லட்சத்தை ஒட்டி. தருமபுரியிலிருந்து பெங்களூர் தோராயமாக 140 கிலோமீட்டர், சென்னை 300. கணக்குப் போட்டால் பெங்களூரின் இழுவை சென்னையைப்போல நான்கரை மடங்கு வருகிறது. சேலம் 65 கிலோமீட்டர்தான், ஆனால் மக்கள்தொகை 9 லட்சத்தைச் சுற்றி. அதனால் கிட்டத்தில் இருந்தும் பெங்களூரின் இழுவையில் பாதிதான் அதற்கு. மாநில எல்லை குறுக்கே இருப்பதை இந்தச் சூத்திரம் கண்டுகொள்வதில்லை, நம் பக்கத்து மக்களும் அதிகம் கண்டுகொள்வதில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகவே இருக்கின்றன. மொழி ஒரு தடை என்ற பாடப்புத்தக வரி அங்கே வேகாது.

சரி, அதே சூத்திரத்தைத் திருப்பூருக்குப் போடுங்கள். தூரம் 180 கிலோமீட்டர் அளவில், மக்கள்தொகை சேலத்தை ஒட்டி. பெங்களூரின் இழுவையில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் நம் மாவட்டத்துக் கிராமங்களில் விசாரித்தால் திருப்பூர் பெயர் அந்த விகிதத்தைத் தாண்டிக் காதில் விழும். இங்கேதான் சூத்திரம் நின்று, மனிதர்கள் வருகிறார்கள். ஒருவர் போய், தம்பியைக் கூப்பிட்டு, தம்பி மச்சானைக் கூப்பிட்டு, சில வருஷத்தில் ஒரு தெருவே ஒரு பனியன் கம்பெனிப் பக்கம் குடியேறுவதைச் சங்கிலி இடப்பெயர்வு என்கிறோம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே மண், ஒரே மழை, ஒரே வறுமையில் இருந்தும் ஒன்று பெங்களூருக்கும் மற்றொன்று திருப்பூருக்கும் போவதற்கு, என் அனுபவத்தில், இதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை.

கட்டட வேலையில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மேஸ்திரி. அவரைப் பாடம் கவனிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் குறை. 1970இல் ஹாரிஸ், டொடாரோ இருவரும் சொன்ன மாதிரியில், நகரத்துக் கூலியை வேலை கிடைக்கும் வாய்ப்போடு பெருக்கி, அந்த எதிர்பார்ப்புக் கூலி கிராமத்துக் கூலியைவிட அதிகமாகத் தெரிந்தால் மக்கள் கிளம்புவார்கள் என்று இருக்கும். தனியாகப் போய் வேலைக்கு அலைகிறவருக்கு அது சரி. மேஸ்திரி முன்பணம் கொடுத்து, வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போகும்போது வேலை கிடைக்குமா என்ற கேள்வியே ஊரில் வைத்துத் தீர்ந்துவிடுகிறது. அதற்கான விலையும் உண்டு. வாங்கிய முன்பணம் கழியும்வரை வேறு மேஸ்திரியிடம் போக முடியாது, கூலி பேசுகிற வாயும் கட்டுப்படும். இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் சேர்த்ததும் இதே வழியில்தான்.

தள்ளும், இழுக்கும் காரணிகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்தப் பட்டியலின் மூலமாகச் சொல்லப்படும் எவரெட் லீயின் 1966ஆம் ஆண்டுக் கட்டுரை பட்டியலைவிட நுட்பமானது. கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டிலும் ஈர்ப்பதும் விரட்டுவதும் பொருட்படாததும் கலந்தே இருக்கும் என்றார். இடையில் தடைகளும், ஆளுக்கு ஆள் மாறும் சொந்தக் காரணங்களும் உண்டு என்றார். ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இருப்பது சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டை நிறுத்திவைக்கும், கல்யாணமாகாத பையனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சேரும் இடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது எப்போதும் அரைகுறைதான் என்பதையும் அவர் கணக்கில் சேர்த்தார். இதைச் சொல்லாமல் இரண்டு பத்திப் பட்டியலை மட்டும் நடத்துவதால்தான், எல்லோரும் காரணிகளால் உருட்டப்படுகிற கூழாங்கற்கள் போலத் தெரிகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு இன்னும் பொருத்தமானது 1985இல் ஸ்டார்க், புளூம் இருவரும் முன்வைத்த பார்வை. முடிவெடுப்பது தனி ஆள் அல்ல, குடும்பம். மழை பொய்த்தால் நிலம் கைவிடும், கட்டட வேலை நின்றால் பெங்களூர் கைவிடும், இரண்டும் ஒரே நேரத்தில் கைவிடுவது அரிது. அப்பாவை அங்கும், அண்ணனை ஓசூரிலும், அம்மாவை ஆட்டோடும் நிலத்தோடும் வைத்திருப்பது ஒரு குடும்பம் ஆபத்தைப் பிரித்து வைத்திருக்கும் விதம். அண்ணன் அனுப்பும் பணம் போர்வெல்லாக மாறினால், நாளைக்கு அப்பா போகாமல் இருக்கலாம்.

ஓசூர் இந்தக் கதையை வேறு விதமாகவும் மாற்றிவிட்டது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அதன்பின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வேர் பிடித்தன. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் முன்னாலேயே வேலை கிடைத்தது. போகும் வழியிலேயே வாய்ப்பு இருந்தால் தூரத்து ஊருக்கான ஓட்டம் அங்கே தங்கிவிடும் என்பது ஸ்டௌஃபர் 1940இல் சொன்ன கருத்து. ஆனால் எல்லோரும் அங்கே தங்கவில்லை. ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையன்களையும், மின்னணு ஆலைகளில் இளம்பெண்களையும் ஓசூர் எடுத்துக்கொள்கிறது. நாற்பத்தைந்து வயது சென்ட்ரிங்காரர் அதைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறார். இடப்பெயர்வு ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்று பாடத்தில் ஒரு வரி வருமே, அது உங்கள் வீட்டுக்குள்ளேயே அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் நடந்திருக்கிறது.

அதே ஓசூருக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆக ஒரே வட்டாரத்தில் பென்னாகரம் அனுப்புகிறது, ஓசூர் பெறுகிறது. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து, மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் நிகர இடப்பெயர்வு வீதம். அது பூஜ்யம் என்று வந்தால் நடமாட்டமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஆயிரம் பேர் போய் ஆயிரம் பேர் வந்தாலும் பூஜ்யம்தான்.

விரும்பிப் போவது, துரத்தப்பட்டுப் போவது என்ற பிரிவுக்கும் உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபோது நீரில் போன ஊர்களின் கதை உங்கள் தாலுகாவின் காவிரிக் கரைக்கு அந்நியமில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரிலிருந்து தமிழர்கள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் உள்ளன. 2020 மார்ச் ஊரடங்கில் திரும்பியவர்களை எதில் சேர்ப்பது என்று கேட்டால், அதில் கட்டாயமும் இருந்தது, ஊர் இருக்கிறதே என்ற தைரியமும் இருந்தது. பிரிவு சுத்தமாக நிற்காத இடம் அது.

இவ்வளவு நேரம் நான் சொன்னதில் கணக்கெடுப்பு வரையறைகளும், யார் என்ன எழுதினார்கள் என்பதும் உறுதியானவை. மேஸ்திரியைப் பற்றியும் ஊர்ச் சங்கிலியைப் பற்றியும் சொன்னது களத்தில் பார்த்ததை வைத்து, எண்ணால் நிரூபித்தது அல்ல. வறட்சி வந்தால் இடப்பெயர்வு கூடும் என்று எல்லோரும் எழுதுவது பாதி உண்மை. கிளம்புவதற்கே பணமும் தெரிந்த ஆளும் வேண்டும், மிகவும் ஏழையானவர் வறட்சியில் நகர முடியாமல் ஊரிலேயே சிக்கிக்கொள்வதை ஆய்வுகள் பல நாடுகளில் காட்டியிருக்கின்றன. அல்லது முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறார். அதே வறட்சியில் கொஞ்சம் வசதியுள்ளவர் மகனை ஓசூருக்கு அனுப்புகிறார். வெளியிலிருந்து வரும் பணம் ஊரை வளர்க்கிறதா, வெறுமையாக்குகிறதா என்பதும் இன்னும் வாதத்தில் இருக்கிற விஷயம். ஒரு சமுதாயம் நவீனமாக மாற மாற இடப்பெயர்வும் கட்டம் கட்டமாக மாறும் என்றார் ஜெலின்ஸ்கி; அந்தக் கட்டங்களும் ஐரோப்பிய வரலாற்றை ஒட்டி வரைந்தவை, நம் ஊர் அதன்படி நடக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆய்வுக்கு, மாவட்டப் பின்னணி வேண்டுமானால் 2011 கணக்கெடுப்பின் டி வரிசை இடப்பெயர்வு அட்டவணைகளைப் பாருங்கள். 2011இல் தருமபுரியின் மக்கள்தொகை 15,06,843. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமானது என்பதால், 2001 எண்களோடு ஒப்பிடும்போது பழைய தருமபுரி மாவட்டம் இரண்டையும் சேர்த்தது என்பதை நினைவில் வையுங்கள். ஊருக்குள் 'எங்கே போனீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். கடந்த ஆடியிலிருந்து இந்த ஆடிவரை, வீட்டில் ஒவ்வொருவரும் எந்த மாதம் எங்கே இருந்தார் என்று பன்னிரண்டு கட்டம் போட்டு நிரப்புங்கள். கூடவே யார் கூட்டிப்போனார், முன்பணம் எவ்வளவு, திரும்பியது ஏன் என்ற மூன்றையும் கேளுங்கள். பூட்டிக்கிடக்கிற வீட்டைத் தவிர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள், பக்கத்து வீட்டில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆய்வுக்கு முதலில் வேண்டியவர்கள் அவர்கள்தான். இதைப் பிப்ரவரியில் செய்தால் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். பொங்கல் வாரத்திலோ ஆடிப்பெருக்கு சமயத்திலோ போங்கள்.